விரல் நுனித் தூசி

அவள் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. விரலைத்தான் நீட்டுவாள்.

அலமாரித் தட்டு, ரேடியோப் பெட்டியின் தலை, ஜன்னல் கட்டை, மாமனாரின் சாய்வு நாற்காலி என்று எதன் பக்கம் போனாலும் ஆள்காட்டி விரலால் ஒரு இழு இழுப்பாள். இழுத்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பிறகு எதிரில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முகத்துக்கு நேரே அதை நீட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருக்கும் ஈரத்துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிடுவாள். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன மறுநாள் காலையில் எனக்கும் நீட்டினாள். தலையில் வைத்த பூ வாடாத புதுப்பெண் நான்.

"இது இன்னா தெரிதா?" என்றாள்.

"தூசுக்கா."

"தூசு இல்ல தங்கச்சி. எம்பொண்ணோட மூச்சு."

அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டிலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. மாமனாருக்கு அவள் 'பெரியவ', புருஷனுக்கு 'இந்தா', என் வீட்டுக்காரருக்கு 'அண்ணி', ஊருக்கு 'கலா அம்மா'. இப்போது வேறொரு பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

வீடு நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில். மாமனாரின் தாத்தா கட்டியது. மண்சுவர், நாட்டு ஓடு, பனங்கைகள். ஊரில் பெரிய வீடு என்று எங்கள் வீட்டைத்தான் சொல்வார்கள். பெரிய வீடு என்றால் பெரிய குப்பைத்தொட்டி என்று நான் அங்கே போன முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். எதையும் வெளியே போடும் பழக்கம் அந்த வம்சத்துக்கே கிடையாது. கூரையோர எரவாணத்தில் ஓட்டைக் கூடைகளும் துருப்பிடித்த களைக்கொத்துகளும் செருகியிருக்கும். பரணில் எந்தக் காலத்து மெத்தைகளோ, பஞ்சு பிதுங்கிக்கொண்டு, எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. நடுவீட்டில் சுவரோரமாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். அந்த மூட்டைகளுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில்தான் அவளும் அவள் பெண் கலாவும் படுப்பார்கள்.

கலாவுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். இளைப்பு. மூச்சு இழுக்கும்போது குழந்தையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போகும். அதைப் பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் நான் எழுந்து போயிருக்கிறேன். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், எதுவும் நடக்கவில்லை. சின்னசேலத்தில் ஒரு டாக்டர்தான் முதலில் வீட்டைப் பற்றிக் கேட்டாராம். பழைய வீடா, என்னென்ன சாமான் இருக்கிறது, குழந்தை எங்கே படுக்கிறது என்று எல்லாம் விசாரித்துவிட்டு, மருந்தோடு வேலைகளும் சொல்லி அனுப்பினார். காய்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். படுக்கையை வெயிலில் போட வேண்டும், போர்வையை வெந்நீரில் அலச வேண்டும். படுக்கிற இடத்தில் மூட்டை முடிச்சு கூடாது. சாம்பிராணிப் புகை, பீடிப் புகை இரண்டும் ஆகாது. கூட நின்று கேட்ட மூத்தவர், அதாவது அவள் புருஷன், பஸ் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். அவள் ஒன்றைக்கூட மறக்கவில்லை, கடைசி வரைக்கும்.

முதல் தகராறு துடைப்பத்தில் வந்தது. விடியற்காலையில் வாசலிலும் வீட்டிலும் துடைப்பச் சத்தம் கேட்க வேண்டும் மாமனாருக்கு. அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பார். இவள் சத்தமில்லாமல் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு எப்படிப் பொறுக்கும்?

"வூட்ல சீமாறு சத்தம் கேக்கலன்னா மூதேவி பூந்துடுவா. தெரியுமா உனுக்கு?"

"கூட்டுனா தூசு மேல ஏறுதுங்க மாமா. அப்பறம் எறங்கி வந்து புள்ள மேல குந்திக்குது."

"எங்கம்மா கூட்டுனா. உங்க மாமியா கூட்டுனா. அவங்க பெத்ததெல்லாம் செத்தா பூட்டுது?"

அவர் நாற்காலிக் கையில் விரலை இழுத்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தாள். மலையிலிருந்து இறங்கி வரும் கரியாலூர்ப் பக்கத்து ஆட்கள் சந்தையில் விற்கும் மலைத்துடைப்பத்தில் இரண்டு வாங்கினாள். விடிந்ததும் அதைக்கொண்டு வாசலைச் சரசரவென்று மாமனார் காதில் விழும்படி கூட்டுவாள். பிறகு உள்ளே வந்து ஈரத்துணியை எடுப்பாள். கிழவருக்குச் சத்தம் கிடைத்தது, குழந்தைக்குத் தூசு கம்மியானது. இப்படித்தான் அவள் ஒவ்வொன்றையும் சாதித்தாள். பரணைக் காலி செய்ய அவளுக்குச் சில வருஷம் பிடித்தது. போகி வரும்போதெல்லாம் ஒரு மெத்தையைத் திருட்டுத்தனமாக நெருப்பில் போடுவாள். மல்லாட்டை மூட்டைகளை மாட்டுக்கொட்டகைக்கு மாற்ற, கலா மூச்சுக்குத் திணறிய ஒரு மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மாமனார் மடியிலேயே போட்டாள். அவர் சாயங்காலமே மூட்டையை எடுக்கச் சொன்னார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது மயில்துத்தம் கலந்தாள். சுவரில் பூத்திருந்த கறுப்புப் பூஞ்சை அதில் செத்தது. ஆனால் அவள் கைவிரல்கள் வெடித்துப் புண்ணாகி, அந்த மாசம் பூராவும் இடக்கையால் சாப்பிட்டாள். அதற்கும் வீட்டில் பேச்சு வாங்கினாள்.

இவ்வளவும் செய்து கலாவுக்கு நிம்மதி வந்ததா என்றால், பாதி வந்தது. பகலில் நன்றாக ஓடியாடுவாள். நடுவீட்டில் படுத்து எழுந்தால் மறுபடி இழுக்கும். இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மூத்தவர் கேட்பார்: "நாள் பூரா தொடச்சிக்கினே கெடக்கற. அப்பவும் எளக்குதே, நீ இன்னாத்த தொடைக்கற?" எனக்கு எரியும். ஒரு செம்புத் தண்ணீரைத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷன் கேட்கிற கேள்வி அது. அவள் எரிந்து விழமாட்டாள். மறுபடி வாளியை எடுப்பாள். அந்த வீட்டில் குழந்தைக்கு மூச்சு வந்தால் அது சாமி புண்ணியம், வராவிட்டால் அவள் துடைத்தது போதவில்லை.

கரியாலூரில் அவளுடைய சித்தப்பா வீடு இருந்தது. ஒரு கோடையில் கலாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தாள். சின்னக் கூரை வீடு, ஒரு பாய், ஒரு பானை, நாலு பக்கமும் காற்று. வரும்போது குழந்தையின் கன்னம் உப்பியிருந்தது. ஒரு நாள்கூட இழுக்கவில்லையாம். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், பையை வைக்காமலே என்னிடம் சொன்னாள்:

"தங்கச்சி, நோவு புள்ளைக்கு இல்ல. நோவு இந்த வூட்டுக்கு."

சொல்லிவிட்டு நடுவீட்டுக்குப் போய் நின்றாள். சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். எல்லாம் அவளே துடைத்த இடங்கள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். விட்டத்தில் பூவாடைக்காரியின் கூடை தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். எந்தத் தலைமுறையிலோ அந்த வீட்டில் அப்படிச் செத்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளுடைய புடவையையும் வளையலையும் ஒரு பெரிய மூங்கில் கூடையில் வைத்து, ஓலைத் தட்டால் மூடி, நடுவீட்டு விட்டத்தில் கட்டிவிட்டார்கள். வீட்டில் கல்யாணம் நடந்தால்தான் இறக்குவார்கள். அதுவும் பங்காளிகள் அத்தனை பேரும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒரு தலைக்கட்டு, அதாவது ஒரு குடும்பம், குறைந்தாலும் தொடக் கூடாது. என் கல்யாணத்தின்போது பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு. ஆகவே இறக்காமல் கீழே நின்றே கற்பூரம் காட்டினார்கள். அதற்கு முந்தைய கல்யாணத்திலும் அப்படித்தானாம். ஆக, அவள் அண்ணாந்து பார்த்த அன்றைக்கு அந்தக் கூடை திறக்கப்பட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. கரப்பான், அந்துப்பூச்சி, ஒட்டடை, மக்கிய துணி எல்லாம் சேர்ந்து குழந்தை படுக்கும் பாய்க்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் மெல்லிசாகப் பொடி உதிரும். காலையில் கலாவின் போர்வையில் விரலை இழுத்தால் தெரியும்.

பாயைத் தாழ்வாரத்துக்கு மாற்றிப் பார்த்தாள். மார்கழிப் பனியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருமகள் வெளியில் படுத்தால் ஊர் என்ன பேசும் என்று மாமனார் வேறு ஆடித் தீர்த்தார். வேறு அறைகளில் நெல், உரம், ஆண்கள். கடைசியில் அவள் நேராகவே கேட்டுவிட்டாள், கூடையை இறக்கித் துணியை அலசிக் கட்டலாம் என்று. மாமனார் காதைப் பொத்திக்கொண்டார். சாமி துணியைத் தண்ணீரில் போடுவதா? பங்காளி இல்லாமல் தொடுவதா?

இடஒதுக்கீட்டுப் போராட்டம் மும்முரமாக இருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஆட்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வரப்புக்காக முகம் பார்க்காமல் இருந்த பங்காளிகள் எல்லோரும் போராட்டத்துக்காக ஒன்று சேர்ந்துவிட்டார்கள். எங்கள் வீட்டு நடுவீட்டில்தான் கூட்டம் போடுவார்கள். அவளுக்கு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எல்லாத் தலைக்கட்டும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறது, இனி இறக்க என்ன தடை?

ஒரு கூட்டத்துக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். நன்றாகப் பேசினார், குறை சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகள் மண்வெட்டியைத் தவிர எதைப் பிடித்திருக்கின்றன என்று அவர் கேட்டபோது அடுப்படி வேலையை விட்டுவிட்டு நானே வந்து நின்று கேட்டேன். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் வாளியோடு உள்ளே வந்து, ஆட்களின் கால்களுக்கு நடுவில் துடைக்கத் தொடங்கினாள். பீடிச் சாம்பல், வெற்றிலை எச்சில், செருப்பு மண். ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் கொடுத்தார்கள். பேச்சாளரும் தூக்கினார். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

"இன்னாம்மா, நாங்க எழுந்து போனப்பறம் தொடைக்கக் கூடாதா?" என்றார் பேச்சாளர், சிரித்துக்கொண்டே.

"நீங்க பூடுவீங்க. புள்ள இங்கதாங்க படுக்கணும்."

அவருக்குப் பதில் பிடித்துவிட்டது போலிருக்கிறது. "சரி, பொம்பளைங்க சார்பா நீங்களும் ஒரு கோரிக்கை சொல்லுங்க. எழுதிக்கறோம்" என்றார்.

அவள் எழுந்து நின்று, விட்டத்தைக் காட்டினாள். "அந்தக் கூடைய எறக்கித் தரணுங்க. பங்காளிங்க எல்லாம் இங்கதான் குந்திக்கினு இருக்காங்க."

நடுவீடே சிரித்தது. பேச்சாளர் எதற்கென்று புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். மாமனார் மட்டும் சிரிக்காமல், மறியல் முடியட்டும், நல்ல நாள் பார்த்து இறக்கலாம் என்றார். மறியல் நடந்தது. பங்காளிகளில் பாதிப் பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்புறம் கேஸ் முடியட்டும் என்றார். அன்றைக்கு அந்த நடுவீட்டில் வைத்த கோரிக்கைகளில் பலதும் பிற்பாடு ஏதோ ஒரு விதத்தில் நிறைவேறின. அவள் வைத்தது ஒன்றுதான் நிறைவேறவில்லை.

இதற்குள் அவளுக்கே நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. பரணையும் எரவாணத்தையும் உதறி உதறி, அத்தனை தலைமுறைத் தூசியையும் அவள்தானே முதலில் குடித்தாள். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். டாக்டரிடம் போகலாம் என்றால் கலாவைத்தான் காட்டுவாளே தவிர, தன்னைக் காட்டமாட்டாள். "எனுக்கு இன்னா, பெருத்த ஒடம்பு" என்பாள். அவள் உடம்பு பெருத்தே இருக்கவில்லை.

இரண்டாம் தடவை பெரிய மறியல் அறிவித்தார்கள். சாலைகளில் மரத்தை வெட்டிச் சாய்த்து, வண்டி வாகனம் எதுவும் போகாமல் செய்வது என்று ஏற்பாடு. விடிவதற்கு முன்பே ஆண்கள் கோடாலியும் ரம்பமுமாகக் கிளம்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர், மூத்தவர், நடக்க முடியாத மாமனார்கூடக் கட்டை வண்டியில் ஏறிப் போனார். ஊரில் ஆம்பிளை வாசனையே இல்லை. கலாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அவள் என்னிடம் வந்தாள்.

"ஏணிய எடு தங்கச்சி. இன்னிக்கி உட்டா நமக்கு நாளே கெடைக்காது."

ஏணியை நான்தான் பிடித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, மறுபடி கேட்டாலும் பிடிப்பேன். கூடையைத் திறக்கக்கூட அவள் நினைக்கவில்லை. வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, ஒரு பழைய வேட்டியால் சுற்றிக் கட்டிவிட்டால் பொடி உதிராது, அவ்வளவுதான் கணக்கு. வேட்டியை வெந்நீரில் அலசிக் காயவைத்திருந்தாள். மூக்கைச் சுற்றி நனைத்த துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினாள். துணியை வைத்து அழுத்தியதுமே ஓலைத் தட்டு நொறுங்கிப்போனது. உள்ளேயிருந்து மக்கிய நூலும் பூச்சி இறகும் கரப்பான் கழிச்சலுமாக அப்படியே அவள் முகத்தில் கொட்டியது. துண்டு நழுவியது. ஏணியிலேயே நின்று இருமினாள். இறங்கு அக்கா, இறங்கு என்று கத்துகிறேன். அவள் இறங்கவில்லை. வேட்டியால் கூடையைச் சுற்றி, நாலு முனையையும் முடிந்துவிட்டுத்தான் இறங்கினாள். இறங்கியும் உட்காரவில்லை, தரை பூராவும் துடைத்தாள். பிறகு சுவரில் சாய்ந்தாள். கலாவுக்குக் குழிவதுபோலவே அவள் கழுத்தெலும்புக்கு மேலே குழிய ஆரம்பித்தது.

கலாவின் மருந்தில் இருந்ததைக் கொடுத்தேன். கேட்கவில்லை. எங்கள் நிலத்தில் வேலை செய்யும் ஆள் ஒருவர், மறியலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாததால் ஊரில் இருந்தார். அவர்தான் வண்டி பூட்டினார். கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கி வண்டியில் வைத்துச் சின்னசேலம் பக்கம் விட்டோம். ரோட்டுக்கு வந்ததும் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் மேல் எங்கள் ஊர் ஆட்கள். கையில் கோடாலியோடு என் வீட்டுக்காரர்.

"இன்னா, அண்ணிக்கு இன்னா?" என்று ஓடி வந்தார்.

"மரத்த நவுத்துங்க" என்றேன் நான்.

நகர்த்தத்தான் பார்த்தார்கள். அதை மறைக்க மாட்டேன். அத்தனை பேரும் ஒன்றாகக் கை கொடுத்தார்கள், மூத்தவர் தலையில் அடித்துக்கொண்டே கிளைகளை வெட்டினார். ஆனால் வண்டி போகாதபடி வெட்டிப்போட்ட மரம் அது. நன்றாகவே வெட்டிப்போட்டிருந்தார்கள். கடைசியில் கட்டிலை மட்டும் தூக்கி, மரத்துக்கு மேலே கைமாற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். கொஞ்ச தூரத்தில் அடுத்த ஊர்க்காரர்கள் சாய்த்த இன்னொரு மரம். அதற்கப்புறம் இன்னொன்று. உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் தோளில் அவள் போனாள். பக்கத்தில் ஓடிய என் கையைப் பிடித்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்:

"கலாவ... அந்த எடத்துல... படுக்க வெக்காத."

சின்னசேலம் ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிந்தபோது கட்டிலைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டேன். இனிமேல் அவசரம் இல்லை.

சாமிக் கூடையைத் தொட்டாள், அதனால் அடித்துவிட்டது. ஊர் இதைத்தான் சொன்னது. மரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மறியலில் கைதாகிக் கருமாதிக்கு ஜாமீனில் வந்த பங்காளிகள் உட்பட எல்லாத் தலைக்கட்டும் சேர்ந்தது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூவோட பொட்டோட பூட்டா. இனிமே நம்ம வூட்டு சாமி அவதான்" என்றார். அன்றைக்குக் கூடையை இறக்கினார்கள். அவள் உயிரோடு கேட்டபோது இறங்காத கூடை இறங்கியது. அவள் சுற்றிய வேட்டியைத் தீட்டு என்று அவிழ்த்து எறிந்தார்கள். மக்கிப்போன பழைய புடவையின் மேலேயே அவளுடைய கல்யாணப் புடவையை மடித்து வைத்தார்கள். புது ஓலைத் தட்டு போட்டு மூடி, மறுபடி விட்டத்தில் ஏற்றிக் கட்டினார்கள். அலசிவிட்டு வைக்கலாமே என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் முறைத்தார். அதற்காக நான் வாயை மூடிக்கொண்டு போகவில்லை, இரண்டு தடவை சொன்னேன். யார் கேட்டார்கள்?

கலாவை அங்கே விடவில்லை. கரியாலூருக்கு ஆள் அனுப்பி, அவள் சித்தப்பாவை வரவழைத்து, குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டேன். அதற்கு மூத்தவர் பெரிதாக மறுப்புச் சொல்லவில்லை. வருஷம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அதற்கும் பூவாடைக்காரியிடம் உத்தரவு கேட்டார்கள். கூடைக்கு நேர் கீழே நின்று பூப் போட்டுப் பார்த்தார்கள். வலப்பக்கப் பூ விழுந்ததாம், அவளுக்குச் சம்மதமாம். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, ஒரு மாதிரி கசந்துகொண்டு வந்தது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

மலைக்காற்றில் கலா நன்றாக வளர்ந்தாள். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் ஆட்களுக்கு வந்த ஒதுக்கீட்டில்தான் கிடைத்தது. அது நியாயமாக வர வேண்டியது, வந்தது. அதற்காக வெட்டிய மரத்தையும் நான் மறக்க மாட்டேன். இரண்டையும் ஒரே வயிற்றில்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கலாவின் கல்யாணத்துக்குப் பூவாடை கும்பிட எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று மூத்தவர் பிடிவாதம் பிடித்தார். பெற்ற தாய்தானே சாமி. மாமனார் அதற்குள் காலமாகிவிட்டார், என் வீட்டுக்காரர்தான் பெரிய தலை. எல்லாப் பங்காளிகளும் வந்திருந்தார்கள். பம்பை அடித்தார்கள், நடுவீடு பூராவும் சாம்பிராணிப் புகை. கூடையை அவிழ்த்து இறக்கும்போது, அத்தனை வருஷமும் சேர்ந்து கிடந்தது பொலபொலவென்று உதிர்ந்தது. நேர் கீழே மணையில் கலா உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் தோள் ஏறி இறங்கத் தொடங்கியது. மூச்சு விசிலடித்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் பை எங்கே, மருந்து எங்கே என்று நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பம்பைக்காரன் இன்னும் ஓங்கி அடித்தான். பெண்கள் குலவையிட்டார்கள்.

"வந்துட்டா, அம்மா வந்துட்டா" என்றார் மூத்தவர்.

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டபடி அவள் முன்னால் மண்டியிட்டார். கண்ணில் நீர். "வந்துட்டீங்களா அண்ணி? வாயத் தொறந்து சொல்லுங்க. உங்களுக்கு இன்னா கொற? சொல்லுங்க, செய்யறோம்."

கலாவால் பேச முடியவில்லை. எதிரில் இருந்த கூடையின் தட்டில் ஆள்காட்டி விரலை ஒரு இழு இழுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மருந்தோடு நான் வந்து சேர்ந்தபோது, என் வீட்டுக்காரர் அந்த விரலைப் பயபக்தியோடு பிடித்து, அதில் இருந்த தூசியைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பங்காளிகள் வரிசையில் நின்றார்கள்.